மழ ஊருல வேட்டை துப்பாக்கிய எப்பப்ப முழுசா கிளீன் பண்ணனும்

மலேசியா பேராக்ல சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை, அதாவது எண்ணெப் பனை வச்சிருக்கறவங்க, முறையா லெசென் (லைசென்ஸ்) எடுத்து செனாப்பாங் பாத்தா, அதாவது நடுவுல மடக்கி தொறக்கற ஷாட்கன், வச்சிருக்கறவங்க, என்னைய பாத்தா கேக்குற கேள்வி பெரும்பாலும் இதுதான், அண்ணே எத்தன நாளைக்கு ஒரு தடவ கழட்டி முழுசா கிளீன் பண்ணனும்? பதில மொதல்லயே சொல்லிடறேன். வெளிய எடுத்துட்டு போன ஒவ்வொரு நாளும், சுட்டாலும் சுடலன்னாலும், அன்னைக்கு ராத்திரியே தொடச்சி எண்ணெ போட்டுடணும். மொத்தமா கழட்டி செய்யற பெரிய கிளீனிங் மூனு மாசத்துக்கு ஒரு தடவ. மழையில நனஞ்சிருச்சின்னா மூனு மாச கணக்கு கெடையாது, அன்னைக்கே பெரிய கிளீனிங் தான். சும்மா அலமாரியில கெடந்தாலும் மாசத்துக்கு ஒரு தடவ தொறந்து பாக்கணும், இதுல தான் நெறைய பேரு கோட்ட விடறாங்க.

வெள்ளக்காரங்க வீடியோல பாத்தீங்கன்னா தோட்டா கணக்கு சொல்லுவாங்க, இத்தன நூறு சுட்டா ஒரு தடவன்னு. அது அவங்களுக்கு சரி, வாரா வாரம் களிமண் தட்டு சுடப் போறவங்க, காத்தும் காஞ்ச காத்து. நம்ம ஆளு மாசத்துக்கு அஞ்சு ஆறு தோட்டா சுட்டாலே பெரிய விஷயம். ஆனா அந்த அஞ்சு தோட்டாவுக்காக துப்பாக்கி எத்தன தடவ பனியில நனயுது, புல்லு ஈரத்துல ஒரசுது, வேர்த்த கையில கெடக்குதுன்னு யோசிச்சி பாருங்க. காத்துல ஈரப்பதம் 60 சதவீதத்த தாண்டினாலே இரும்பு வேகமா துரு புடிக்கும், நம்ம ஊருல பாதி நாளு 80ஐ ஒட்டியே தான் நிக்கும், விடியக்காலையில அதுக்கும் மேல. அதனால நம்ம துப்பாக்கிய கெடுக்கறது சுட்ட மருந்து இல்ல, ஈரம். தோட்டாவ எண்ணிக்கிட்டு இருந்தா லேட்டாயிடும், நாள எண்ணுங்க.

தோட்டத்துக்குன்னே இன்னொரு எதிரி இருக்கு, உரம். செம்பனைக்கு போடுற எம்ஓபி இருக்கு பாருங்க, அது பொட்டாசியம் குளோரைடு, சாப்பிடற உப்புக்கு பங்காளி மாதிரி, காத்துல இருக்கற தண்ணிய இழுத்து இரும்ப தின்னுடும். பழைய காலத்து தோட்டாவுல, கேப்பு வெடிக்கறதுக்கு போட்ட மருந்து எரிஞ்சி முடிச்சதும் துப்பாக்கி குழாயான பேரலுக்குள்ள இதே பொட்டாசியம் குளோரைடு தான் தங்கும், அதனால அந்த காலத்துல சுட்ட அன்னைக்கே சுடுதண்ணி ஊத்தி பேரல கழுவுவாங்க. இப்ப வர்ற தோட்டாவுல அந்த தொல்ல கெடையாது. ஆனா நாமளே உர மூட்ட ஏத்துன லோரியில துப்பாக்கிய படுக்க வச்சி கொண்டு போறோம், உர ஸ்டோர்ல சாத்தி வைக்கறோம், அப்ப அதே உப்ப வெளிய இருந்து தடவிவிட்ட மாதிரி ஆயிடுது. உரம் போடுற வாரத்துல வண்டியில வேற எடம் இல்லன்னா பரவால்ல, வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால மொதல்ல தொடச்சி, நல்லா காய வச்சி, அப்புறம் எண்ணெ போடுங்க. நேரா எண்ணெ போட்டா உப்பு எண்ணெக்கு அடியில மாட்டிக்கும்.

எங்க மாமா, அம்மாவோட தம்பி, தோட்டத்துல ஜாகாவா, அதாவது காவக்காரரா இருந்தவரு. காலையில பேரு கூப்பிடற பெரட்டு முடிஞ்சி எல்லாரும் வேலக்காட்டுக்கு போன பொறவு, லயத்து வாசல்ல பழைய மெங்குவாங் பாய விரிச்சி துப்பாக்கிய மூனா பிரிச்சி வச்சிருப்பாரு. நான் பக்கத்துல ஒக்காந்து பாப்பேன், தொட விட மாட்டாரு. "மாப்ள, லெசென் யாரு பேருல இருக்கோ அவன் கை மட்டும் தான் இதுல படணும், நீ கண்ணால கத்துக்க போதும்"னு சொல்லுவாரு. இந்த ஊருக்கு அந்த கண்டிப்பு புதுசு இல்ல. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்து தோட்டங்கள்ல மூனு வெள்ளக்கார தொரைங்கள சுட்டதுல தான் மலாயாவுல அவசரகாலமே ஆரம்பிச்சிது, 1960 வரைக்கும் ஓடுச்சி. அத பாத்து வளந்த பெரியவங்க துப்பாக்கிய வெளையாட்டா பேச மாட்டாங்க. இப்பவும் 1960 ஆயுதச் சட்டம் தான் நமக்கு, அதனால கிளீன் பண்றதும் லெசென் இருக்கறவரு தான் செய்யணும், பையன கூப்பிட்டு தொடைக்க சொல்ற பழக்கம் வேணாம்.

நான் எப்படி பாடம் படிச்சேன்னும் சொல்லிடறேன். சில வருஷத்துக்கு முன்ன தீபாவளிக்கு முந்துன வாரம், நம்ம பக்கம் அக்டோபர் நவம்பர்ல எப்படி கொட்டும்னு உங்களுக்கே தெரியும், புதுசா நட்ட கன்னு காட்டுல பன்னி எறங்கி குருத்தையெல்லாம் தின்னுட்டு போயிருந்துச்சி, நானும் போயி ரெண்டு தோட்டா சுட்டேன், மழையில நல்லா நனஞ்சி வந்தேன், மேலாப்புல ஒரு துண்டால தொடச்சி கேன்வாஸ் பையில போட்டு அலமாரியில வச்சி பூட்டிட்டேன். முறுக்கு, வீடு பெயிண்டு, சொந்தக்காரங்கன்னு ரெண்டு வாரம் ஓடிப்போச்சி. தொறந்து பாத்தா பேரல் மேல என்னோட அஞ்சு வெரலு அச்சும் செந்துருவுல பதிஞ்சி நிக்குது, ரேகை கூட தெரியுது. தோட்டா ஒக்கார்ற சேம்பர் உள்ள அத விட மோசம், கண்ணுக்கு தெரியற அளவுக்கு குழி குழியா விழுந்திருச்சி. அதுக்கப்புறம் சுட்ட காலி தோட்டா வெளிய வராம மாட்டிக்கிச்சி, ஏன்னா சுடும்போது தோட்டாவோட கூடு விரிஞ்சி அந்த குழியில போயி புடிச்சிக்கும். ஈப்போவுல ஒரு துப்பாக்கி கடைக்காரரு பாலிஷ் போட்டு ஓரளவுக்கு சரி பண்ணி குடுத்தாரு, ஆனா குழி விழுந்தது விழுந்தது தான், இன்னைக்கும் டார்ச் அடிச்சி பாத்தா தெரியும். அப்பா காலத்து பொருளு அது, இப்ப நெனச்சாலும் மனசு கஷ்டமா இருக்கு. துண்டு தொடச்சது மேல் ஈரத்த மட்டும் தான், கேன்வாஸ் பை ஒரு பஞ்சு மாதிரி மிச்ச ஈரத்தையெல்லாம் புடிச்சி வச்சிக்கிச்சி. பை கொண்டு போறதுக்கு மட்டும் தான், தோல் பையா இருந்தாலும் அப்படித்தான், வீட்டுல வைக்கறதுக்கு இல்ல.

சரி, தெனசரி வேல என்னன்னா பத்து நிமிஷம் தான். மொதல்ல தொறந்து காலியான்னு பாக்கணும், கண்ணால பாத்தது போதாது, சுண்டு வெரல சேம்பர் உள்ள விட்டு தடவி பாருங்க. தோட்டா எதுவும் அந்த ரூமுலயே இருக்கக் கூடாது, எடுத்துட்டு போயி வேற எடத்துல பூட்டிட்டு வந்து தான் வேலய ஆரம்பிக்கணும். அப்புறம் பேரலுக்குள்ள இழுக்கற கயிறு பிரஷ் ஒன்னு விக்குது, சேம்பர் பக்கத்துல இருந்து விட்டு வாய் பக்கமா ரெண்டு தடவ இழுங்க. வெளிய முழுசும் எண்ணெ தொட்ட துணியால ஒரு தடவ தொடச்சி, தொடச்ச எடத்த திரும்ப வெறுங்கையால தொடாம வைங்க. நம்ம கை வேர்வையில உப்பு இருக்கு, சிலருக்கு அது ரொம்பவே கூட, அவங்க தொட்ட இரும்பு மறுநாளே செவக்கும். அந்த மாதிரி கை உள்ளவங்க பழைய காட்டன் கையொற போட்டுக்கிட்டு செய்ங்க.

இப்ப பெரிய கிளீனிங். ஒரு மணி நேரம் ஒதுக்குங்க, கதவு ஜன்னல தொறந்து வைங்க, அழுக்க கரைக்கற சால்வன்ட் வாட மூடுன ரூமுல தலவலி குடுக்கும். முன்கட்டைய கழட்டி, பேரல பிரிச்சி, பின்கட்டையோட இருக்கற பாகத்த தனியா வைங்க. இதுக்கு மேல ஸ்குரூ ட்ரைவர கையில எடுக்காதீங்க. ட்ரிக்கர் பொட்டி உள்ள தொறக்கறது கடைக்காரரோட வேல, வருஷத்துக்கு ஒரு தடவ, லெசென் புதுப்பிக்கற நேரத்துல குடுத்துடலாம். நாமளே தொறந்து ஸ்பிரிங்க பறக்க விட்டு, ஸ்குரூ தலைய நசுக்கி, அதுக்கப்புறம் சேஃப்டி புடிக்காம போன துப்பாக்கிய நான் பாத்திருக்கேன். அடிக்கடி கழட்டுறதும் கேடு தான், மூனு மாசத்துக்கு ஒரு தடவன்னு நான் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

பேரலுக்கு சால்வன்ட் நனச்ச துணித்துண்ட ராடுல மாட்டி சேம்பர் பக்கத்துல இருந்து தள்ளுங்க, உள்பக்கம் முழுசும் ஈரமாகணும். அப்படியே பத்து பதினஞ்சு நிமிஷம் விட்டுட்டு போயி பால் இல்லாம ஒரு தே ஓ குடிச்சிட்டு வாங்க, அந்த ஊறல் தான் பாதி வேலைய செய்யும். வந்து வெங்கல பிரஷ்ஷ மாட்டி பத்து பதினஞ்சு தடவ முன்னும் பின்னும், ஆனா பிரஷ்ஷு அந்தப் பக்கம் முழுசா வெளிய வந்த பொறவு தான் திருப்பி இழுக்கணும், நடுவுல நிறுத்தி திருப்பினா முள்ளு மடங்கி போயிடும். 12 போர்னு கேட்டு வாங்குங்க. அந்த 12 என்னன்னு பல பேருக்கு தெரியாது, ஒரு பவுண்டு ஈயத்த சமமா பன்னண்டு குண்டா உருட்டினா ஒரு குண்டு எவ்ளோ அகலமோ அது தான் 12 போர் பேரலோட அகலம், பதினெட்டர மில்லி கிட்ட வரும். சேம்பர் அத விட கொஞ்சம் அகலம், அதனால அதுக்கு தனியா ஒரு சேம்பர் பிரஷ் இருக்கு. சேம்பர் முடிஞ்சி பேரல் ஆரம்பிக்கற அந்த சரிவுலயும், வாய் ஓரத்துல குறுகுற சோக் பகுதியிலயும் தான் அழுக்கு அதிகமா ஒட்டும். ஷாட்கன்ல கரி மட்டும் இல்ல, தோட்டா உள்ள இருக்கற பிளாஸ்டிக் கிண்ணம் ஒரசி ஒரு படலமா ஒட்டும், ஈயமும் கோடு கோடா ஒட்டும். அந்த பிளாஸ்டிக் படலத்துக்கு அடியில ஈரம் பூந்துடுச்சின்னா மேல பளபளன்னு இருக்கும், கீழ துரு ஓடும்.

எப்ப நிறுத்தணும்னு துணியே சொல்லும். மொதல் துணி அடுப்புக்கரி மாதிரி வரும், அடுத்தது சாம்பல் கலரு, அப்புறம் லேசா மஞ்ச ஓடும், வெள்ளையா வர்ற வரைக்கும் காஞ்ச துணிய மாத்தி மாத்தி விடுங்க. துணியில செங்கல் கலரு வந்தா அது அழுக்கு இல்ல, துரு, ஆரம்பிச்சிருச்சின்னு அர்த்தம், அப்ப எண்ணெ தொட்டு திரும்ப பிரஷ் போட்டு அந்த கலரு நிக்கற வரைக்கும் விடாதீங்க, அடுத்த தடவ மூனு மாசம் காத்திருக்காம ஒரே மாசத்துல செய்ங்க. முடிஞ்சதும் பேரல வெளிச்சத்துக்கு நேரா தூக்கி புடிச்சி உள்ள பாருங்க, தண்ணியில கல்லு போட்டா வட்டம் வட்டமா விரியும் பாருங்க, அந்த மாதிரி வெளிச்ச வட்டம் ஒன்னுக்குள்ள ஒன்னா ஒடையாம தெரியணும். எங்கயாவது வட்டம் நெளிஞ்சா, மங்குனா, அங்க இன்னும் ஒட்டியிருக்கு.

காலி தோட்டாவ வெளிய தள்ளுற எக்ஸ்ட்ராக்டர் அடியில, ஃபயரிங் பின் ஓட்டைய சுத்தி, பூட்டு விழுற எடம், இதெல்லாம் பழைய டூத் பிரஷ்ஷால. காட்டு புல்லு வெதை, மண்ணு, எண்ணெயோட சேந்து களி மாதிரி ஒக்காந்திருக்கும். பேரல் மடங்குற எடத்துல உள்ள ஹிஞ்ச் பின்ல இருக்கற பழைய கிரீஸ சுத்தமா வழிச்சி எடுத்துட்டு புதுசா ஒரு அரிசி அளவு, அவ்ளோ தான். பழசு மேலயே புதுச தடவிக்கிட்டு போனா உள்ள மண்ணு சேந்து அது அரம் மாதிரி தேய்க்கும், அப்புறம் துப்பாக்கி மூடுனா லொடலொடன்னு ஆடும், அப்படி ஆட ஆரம்பிச்சா சுடாம கடைக்கு கொண்டு போங்க.

எண்ணெ விஷயத்துல நெறைய தப்பு நடக்குது. தேங்கா எண்ணெ, சமையல் எண்ணெ வேணவே வேணாம், நாள் போக போக பிசுக்காயிடும். மோட்டர்ல இருந்து வடிச்ச பழைய கறுப்பு எண்ணெயும் வேணாம், அதுல புளிப்பும் கரியும் தான் மிச்சம். டபிள்யூடி 40 பத்தி கேப்பீங்க, அது 1953ல தண்ணிய வெரட்டறதுக்குன்னு நாப்பதாவது முயற்சியில கண்டுபுடிச்சது, பேருலயே அது இருக்கு. நனஞ்ச துப்பாக்கிக்கு மொதல்ல அடிக்கறதுக்கு ரொம்ப நல்லது. ஆனா அதோட விட்டுடக் கூடாது, அடிச்சி, தொடச்சி, அதுக்கு மேல துப்பாக்கி எண்ணெ போடணும், ஏன்னா அதோட படலம் ரொம்ப மெல்லிசு, மாசக்கணக்குல காக்காது. எந்த எண்ணெயா இருந்தாலும் கொஞ்சமா. கண்ணுக்கு ஈரமா தெரிஞ்சா அது அதிகம். அதிகமா போன எண்ணெ கீழ வடிஞ்சி கட்டைக்குள்ள எறங்கி மரத்த ஊற வச்சி கறுப்பாக்கி சொதசொதன்னு ஆக்கிடும், பழைய துப்பாக்கிங்கள்ல பூட்டு பக்கத்துல கட்ட வெடிச்சிருக்கும் பாருங்க, பாதி இதனால தான். கட்டைக்கு ஆளிவெத எண்ணெ ரெண்டு சொட்டு, உள்ளங்கையில சூடு ஏற தேச்சி தடவினா போதும்.

நனஞ்சி வந்த அன்னைக்கு அவசரப்பட்டு அடுப்பு பக்கத்துல சாத்தாதீங்க, கட்ட கோணிக்கும். பிரிச்சி, தொடச்சி, ஃபேன் காத்துல அரை மணி நேரம் போட்டுட்டு அப்புறம் வேலய ஆரம்பிங்க.

ரைபிள் லெசென் உள்ளவங்க நம்ம பக்கம் ரொம்ப கம்மி, இருந்தாலும் சொல்லிடறேன், ஏன்னா ரெண்டுக்கும் முறை ஒன்னு இல்ல. ரைபிள் பேரலுக்குள்ள சுருள் காடி வெட்டியிருக்கும், குண்டு மேல இருக்கற செம்பு அந்த காடியில ஒட்டும். அதுக்கு செம்பு கரைக்கற சால்வன்ட் தனி, பலதுல அமோனியா இருக்கும், கித்தா (ரப்பர்) பால் கெட்டியாகாம இருக்க ஊத்துவாங்களே அதே வாட. துணி நீலமா, பச்சையா வந்தா செம்பு கரையுதுன்னு அர்த்தம். டப்பாவுல போட்டிருக்கற நேரத்துக்கு மேல உள்ள விடாதீங்க, ராத்திரி பூரா ஊற வைக்கவே கூடாது, பேரலயே அரிக்கும். ராடு எப்பவும் போல்ட் இருக்கற பின்பக்கத்துல இருந்து தான் போகணும், வாய் பக்கத்துல இருந்து குத்தினா அந்த விளிம்பு தேஞ்சி குறி தப்பும். செம்பு எடுக்கற வேலய ஒவ்வொரு தடவையும் செய்ய வேணாம், குறி விலக ஆரம்பிச்சா, இல்லன்னா சில டஜன் தோட்டா ஓடுன பொறவு செய்ங்க. துருவுக்கான கணக்கு மட்டும் ஷாட்கன் மாதிரியே, நாள் கணக்கு.

வைக்கற எடம் இரும்பு அலமாரி, பூட்டோட, வெளிச்சுவத்துல ஒட்டாம. உள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் வைங்க, நீல கலரு வாங்குனா ஈரம் குடிச்சதும் ரோசா கலரா மாறும், ஓவன்ல லேசா சூடு பண்ணா திரும்ப நீலமாகும், அத பாத்தே அலமாரி உள்ள என்ன நெலமன்னு தெரிஞ்சிக்கலாம். நான் அலமாரி கதவு உள்பக்கம் ஒரு பழைய நாள்காட்டி அட்டைய ஒட்டி, எப்ப பெரிய கிளீனிங் செஞ்சேன், எத்தன தோட்டா சுட்டேன், துணி என்ன கலருல வந்துச்சின்னு பென்சில்ல எழுதி வைக்கறேன். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். அக்டோபர் மட்டும் தள்ளிப் போடவே மாட்டேன், பெருமழைக்கு முன்ன முடிச்சிடுவேன்.

அடுத்த தடவ வெளிய எடுக்கறப்ப, தோட்டா போடறதுக்கு முன்ன பேரல பிரிச்சி வெளிச்சத்துக்கு காட்டி உள்ள பாத்தே ஆகணும். காஞ்ச துணி ஒன்ன விட்டு உள்ள இருக்கற எண்ணெய எடுத்துடுங்க. கிளீன் பண்ணப்ப கழண்டு உள்ளயே மாட்டுன துணித்துண்டு, மண்ணு, மூல சுவத்துல சாத்தி வச்சிருந்தா குளவி கட்டுன மண்கூடு, இதுல எது உள்ள இருந்து சுட்டாலும் பேரல் வெடிக்கும், புடிச்சிருக்கற கை போயிடும். 20 போர் தோட்டாவும் அப்படித்தான், 12 போர்ல போட்டா நழுவி உள்ள போயி நின்னுக்கும், அது தெரியாம மேல ஒன்னு போட்டா முடிஞ்சிது கதை.

வேல முடிஞ்சதும் கைய சவக்காரம் போட்டு நல்லா கழுவிட்டு தான் சோத்துல கை வைக்கணும், அந்த கறுப்பு அழுக்குல ஈயம் இருக்கு, புள்ளைங்களுக்கு அது ரொம்ப கெடுதல். தொடச்ச துணிய சமையல்கட்டு துணியோட சேக்காதீங்க, சால்வன்ட் துணி தீயும் சட்டுன்னு புடிக்கும். ஆளிவெத எண்ணெ தொட்ட துணிய குவிச்சி வச்சா தானாவே சூடேறி பத்திக்கும், அத விரிச்சி வெளிய காய போட்டுட்டு அப்புறம் தூக்கி போடுங்க.